யாருக்காக இந்தத் திரைகள்?

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலையில் ஏப்ரல், மே மாதங்களில் பயணம் செய்வோர், பள்ளிகளின் விளம்பரத் தட்டிகளைக் காணாமல் ஒரு கல் தொலைவும் கடக்க இயலாது. முன்பெல்லாம் அத்தட்டிகளில் தேர்ச்சி விழுக்காடும் மிகுந்த மதிப்பெண் பெற்ற மாணவியின் படமும் இடம்பெறும். அவை இன்றும் உண்டு. எனினும் அவற்றுக்கு மேலே, பெரிய எழுத்தில், வகுப்புதோறும் ஸ்மார்ட் பலகை, கணினிவழிக் கற்றல், வீட்டிலிருந்தே பயிலச் செயலி என்னும் சொற்கள் ஏறி அமர்ந்துவிட்டன. புனிதர்களின் பெயர் தாங்கிய நம் பள்ளிகளின் தட்டிகளும் அவ்வரிசையில் நிற்கின்றன.

இதனைக் குறைகூறப் புகுந்தால், காலத்தோடு ஒட்டி வாழத் தெரியாதவன் என்ற பெயர் கிடைக்கும் என்பதை அறிவேன். ஆயினும் கூறாமலிருக்க இயலவில்லை. நம் பள்ளிகளுள் பல, மின்னணுக் கற்றல் கருவிகளைத் தேர்ந்துகொள்ளும் முறையே பிழையானது. விலை கொடுக்கத் தேவையற்றவற்றை விலை கொடுத்து வாங்குகின்றன. தாய்மொழியில் இலவசமாகக் கிடைப்பவற்றைத் திறந்தும் பார்ப்பதில்லை. இவ்விரண்டின் சுமையும் வகுப்பிலேயே மிக வறிய பிள்ளையின் தலையில்தான் இறங்குகிறது.

புதிய தொழில்நுட்பத்திற்குத் தமிழகத் திருச்சபை என்றுமே அஞ்சியதில்லை. 1578-ஆம் ஆண்டு அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று, பதினாறே பக்கங்கள். பனையோலையும் எழுத்தாணியும் ஆண்ட நாட்டில், அன்று இங்குப் புதியதான அச்சுப்பொறியைக் கொண்டு வந்தவர்கள் நம் முன்னோர். ஆனால் அது யாருக்காக வந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்காக வந்தது. அவர்கள் பேசிய மொழியில் வந்தது. அவர்கள் தம் உழைப்பின் பயனிலிருந்து ஈந்த பொருளைக் கொண்டே அச்சுப்பணி நடந்தது. அச்சிட்ட நூல் அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது. இன்று நம் வகுப்பறைகளில் ஒளிரும் பலகைகளுக்கும் ஏழை மக்களே பொருள் தருகிறார்கள். பாடம் மட்டும் அவர்கள் மொழியில் இல்லை. அவர்கள் கைக்கும் வருவதில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கடவுச்சொல்லோடு சேர்ந்து பாடமும் மறைந்துபோகிறது.

இவ்வணிகத்தின் வரலாறு நெடியதன்று. ஆனால் படிப்பினை மிகுந்தது. 'ஸ்மார்ட் கிளாஸ்' என்னும் பெயரை இந்தியப் பள்ளிகள்தோறும் பரப்பிய எஜூகாம்ப் நிறுவனம் 1994-இல் தொடங்கப்பெற்றது. பல்லாயிரம் தனியார் பள்ளிகள் அதனோடு பல்லாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2017-இல் அது நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அதன் பின்னர்ப் புறப்பட்டது பைஜூஸ். இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் மார்பில் அதன் பெயர் மின்னியது. 2022 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கும் அது புரவலராயிற்று. அவ்வாண்டில் அதன் மதிப்பு 2,200 கோடி அமெரிக்க டாலர் என்று பேசப்பட்டது. 2024 ஜூலையில் அதுவும் நொடிப்புத் தீர்ப்பாயத்தின் முன் நின்றது. தவணைக் கடனில் அதன் பாடங்களை வாங்கிவிட்டுத் தவித்த நடுத்தரக் குடும்பங்களைப் பற்றிய செய்திகளை நாளேடுகளில் நாம் படித்தோம். இவ்விரு வீழ்ச்சிகளையும் கண்ட பின்னரும், விற்பனைப் பிரதிநிதி ஒருவர் கழுத்துப்பட்டை அணிந்து தாளாளர் அறைக்குள் நுழைந்துவிட்டால், நம் நிருவாகத்தினர் கேட்கும் முதற் கேள்வி, "பக்கத்துப் பள்ளியில் இது இருக்கிறதா?" என்பதாகவே இருக்கிறது. 'இதனால் எந்தப் பிள்ளை எதனைக் கூடுதலாகக் கற்கும்?' என்று கேட்பவர் அரியர்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்தத் தமிழகம் 2009-இல் சட்டம் இயற்றிக் குழுவும் அமைத்தது. குழு வரையறுத்த தொகைக்குப் புறத்தே கணினிக் கட்டணம், ஸ்மார்ட் வகுப்புக் கட்டணம், செயலிக் கட்டணம் எனப் புதிய தலைப்புகள் ஆண்டுதோறும் முளைப்பதைப் பெற்றோர் அறிவர். நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்கள். பற்றுச்சீட்டு கேட்டால் பிள்ளையின் மீது ஆசிரியருக்கு மனத்தாங்கல் வந்துவிடுமோ என்று அஞ்சிக் கேளாமலும் இருந்துவிடுகிறார்கள்.

இனி, விலையின்றிக் கிடைப்பவற்றைப் பார்ப்போம். தமிழ் இலக்கியங்களை மின்வடிவாக்கும் மதுரைத் திட்டம் 1998-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்றது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் அதன் மின்னூலகம் எவருக்கும் திறந்திருக்கிறது. 2018-இல் வெளிவரத் தொடங்கிய புதிய அரசுப் பாடநூல்களில் பாடந்தோறும் க்யூஆர் கோடு அச்சிடப்பட்டது; கைப்பேசியால் அதனைப் படம் பிடித்தால் விளக்கக் காணொளி திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023 ஜூலையில் மணற்கேணி என்னும் செயலி வந்தது. முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, அரசுப் பாடத்திட்டத்தை ஒட்டி, தமிழிலும் ஆங்கிலத்திலும் காணொளிப் பாடங்கள் அதில் உள்ளன. தோண்டத் தோண்ட நீர் சுரக்கும் மணற்கேணியை வள்ளுவர் கல்விக்கு உவமை கூறினார். பெயர் அங்கிருந்து வந்தது. கடற்கரை மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுத்த நம் ஊர்ப் பெண்களுக்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் நம் உதவிபெறும் பள்ளிகளுக்கு இவையனைத்தும் அப்படியே பொருந்தும். இவற்றைப் பயன்படுத்த ஒப்பந்தம் வேண்டா. ஓராசிரியர் மாலையில் அரைமணி நேரம் முன்கூட்டிப் பார்த்து, நாளைய பாடத்திற்கு எது உதவும் எனத் தேர்ந்துவைத்தால் போதும். ஆனால் இவற்றைத் தட்டியில் எழுதிப் பெருமைகொள்ள முடியாதே! எல்லாப் பள்ளிக்கும் கிடைப்பதை விளம்பரம் செய்வது எங்ஙனம்?

சிதம்பரத்தார் அனைவரும் அறிந்த ஒரு மரபுச் செய்தி உண்டு. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தன என்றும், மன்னன் வந்து கதவைத் திறந்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்றும், எஞ்சியதே நமக்குக் கிடைத்தது என்றும் சைவ மரபு கூறும். ஏடுகளைப் பூட்டியவர்கள் அவற்றை மதிக்காதவர்கள் அல்லர். மிகுதியாக மதித்தார்கள், அதனால் பூட்டினார்கள். நம் பள்ளிகளின் கணினி அறைகளை நினைக்கும்போதெல்லாம் இச்செய்தி என் நெஞ்சில் எழுகிறது. திறப்பு விழாவிற்கு ஆயர் வந்து மந்திரித்த நாளன்று அறை திறந்திருக்கும். அதன் பின்னர், பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால் சாவி அலுவலகத்துக்குப் போய்விடும். வாரத்தில் ஒரு பாடவேளை, நான்கு பிள்ளைகளுக்கு ஒரு விசைப்பலகை. அதிலும் தைரியமுள்ளவன் தட்டுவான், மற்றவர் பார்ப்பர். செல்லுக்குப் பதிலாகத் துரு.

இவற்றையெல்லாம் விட என்னை வருத்துவது மாலை நேர வாட்ஸப் வீட்டுப்பாடம். பெருந்தொற்றுக் காலத்தில் வேறு வழியின்றித் தொடங்கிய வழக்கம். தொற்று நீங்கிய பின்னரும் நீங்கவில்லை. மாலை ஏழு மணிக்கு வகுப்புக் குழுவில் வினாத்தாள் வரும். மறுநாள் விடையெழுதிக் கொண்டுவர வேண்டும். தேவனாம்பட்டினத்திலும் சொத்திக்குப்பத்திலும் முடசல் ஓடையிலும் அன்னங்கோயிலிலும் எத்தனை வீடுகளில் இணைய வசதியுள்ள கைப்பேசி ஒன்றுக்கு மேல் உண்டு? அந்த ஒன்றும் தந்தையோடு படகேறிவிடும். காற்றின் போக்கை அறியவும், கரையில் மீன் விலை கேட்கவும், ஆபத்தென்றால் குரல் கொடுக்கவும் கடலில் அவருக்கு அது வேண்டும். கொண்டுபோகாதே என்று சொல்ல யாருக்கு உரிமை? அவர் விடியற்காலையில் கரையேறுவார். அதன் பின்னர் வலையிலிருந்து மீனைப் பிரித்து ஏலத்துக்கு வைக்கவேண்டும். பிள்ளையின் பள்ளி மணி அதற்குள் அடித்துவிடும். வகுப்பில் "ஏன் எழுதவில்லை?" என்ற கேள்விக்கு அவள் தலைகுனிந்து நிற்பாள். 'எங்கள் வீட்டில் போன் இல்லை' என்று நாற்பது பேர் முன்னிலையில் சொல்வதைவிட, 'மறந்துவிட்டேன்' என்று பொய் சொல்லி அடியோ திட்டோ வாங்கிக்கொள்வது அவளுக்கு எளிதாகத் தோன்றும். வீட்டில் இரண்டாவது கைப்பேசி இருந்தாலும் அது முதலில் அண்ணனுக்கே போகும்; தங்கைக்கு அவன் தூங்கிய பிறகு. பண்ருட்டிப் பகுதி முந்திரித் தோப்புகளில் கொட்டை உடைக்கும் தாயின் பிள்ளைக்கும், கிள்ளைக்கருகே நண்டும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பத்துப் பிள்ளைக்கும் நிலை இதனினும் கடிது.

கரும்பலகைக்கு இந்தக் குறை இல்லை. அதில் எழுதியதை முதல் வரிசையும் பார்க்கும். கடைசி வரிசையும் பார்க்கும்.

இது உணர்ச்சிப் பேச்சு என்பார்க்குச் சில எண்கள். 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய ஊரகக் குடும்பங்களில் கணினி உள்ளவை நூற்றுக்கு 4.4, இணைய வசதி உள்ளவை 14.9. இந்நிலையில்தான் 2020 மார்ச்சில் பள்ளிகள் அடைக்கப்பட்டன. தமிழகத்தில் முதல் எட்டு வகுப்புகளின் பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் பள்ளிக்குள் கால் வைத்தனர். ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்கள்! தொலைக்காட்சி ஓடியது, செயலிகள் இருந்தன, பாடநூல்களில் க்யூஆர் கோடு இருந்தது. இருந்தும் நடந்ததென்ன? ஊரகப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் ஏசர் ஆய்வு, தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லவர் 2018-இல் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் இருந்ததையும், 2022-இல் ஐந்துக்கும் கீழே போனதையும் காட்டிற்று.

அவ்விழப்பை ஈடுசெய்ய அரசு எதனை நாடியது? மற்றொரு செயலியை அன்று. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிற்று. முதற்கட்டமாகத் தேர்ந்த பன்னிரண்டு மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. அந்தந்தத் தெருவில் வாழும் படித்த பெண்கள் பெரும்பான்மையராக, ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், திண்ணையிலும் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்கள். திரையால் ஆகாததைப் பக்கத்து வீட்டு அக்காவைக் கொண்டே சரிசெய்ய வேண்டியதாயிற்று. அவ்வக்காவின் கையிலும் ஒரு கைப்பேசி இருந்தது. அதில் பார்த்துப் பாட்டும் கதையும் சொன்னாள். கருவி இருக்கவேண்டிய இடம் அதுவே என்பது என் துணிபு.

'அரசே கணினி கொடுத்ததே' என்பர் சிலர். உண்மை. 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் அரைக் கோடிக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசு மற்றும் அரசு உதவிபெறும் நிறுவனங்களின் மாணவர்க்கு வழங்கப்பட்டன. அத்திட்டத்தை ஏளனம் செய்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. மீனவர் மகளுக்கும் வழக்கறிஞர் மகளுக்கும் ஒரே கருவியைக் கொடுத்ததில் ஒரு நீதி இருந்தது. நம் தனியார் பள்ளிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் பலகையில் அந்நீதி இல்லை. ஆனால் கருவியோடு பணி முடிந்துவிடவில்லை என்பதைக் கடலூர் மாவட்டமே உடனடியாகக் கண்டது. திட்டம் தொடங்கிய அதே ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியலில் தானே புயல் இங்குக் கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. சிற்றூர்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. அடுத்த ஆண்டோ மாநிலமே மின்வெட்டில் தவித்தது. 2015 வெள்ளத்திலும், 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலின் போதும் இதே கதை. ஆழிப்பேரலையும் கண்ட மாவட்டம் இது. இங்கே ஒரு பிள்ளையின் பாடம் முழுவதையும் மின்சாரத்தின்மேல் ஏற்றி வைப்பவர், இம்மண்ணின் நவம்பர் மாதத்தை அறியாதவர். வெள்ளத்தில் நனைந்த பாடநூலை வெயிலில் காயவைத்து மீண்டும் படித்த பிள்ளைகள் இங்கு உண்டு.

ஆசிரியர் பற்றாக்குறையை இக்காணொளிகள் ஈடுசெய்யும் என்பது நிருவாகத்தினர் கூறும் மற்றொரு வாதம். இதுவே யாவற்றிலும் ஆபத்தானது. பெரு நாட்டில் ஏழைக் குழந்தைகளுக்கு மடிக்கணினி வழங்கிய பெருந்திட்டத்தை ஆராய்ந்த அறிஞர்கள், கணக்கிலும் மொழியிலும் அதனால் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்றில்லை என 2012-இல் தெரிவித்தார்கள். பள்ளிக் கணினிகளுக்குப் பெரும்பொருள் செலவிட்ட நாடுகளின் மாணவர் வாசிப்பிலும் கணக்கிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணவில்லை என்று ஓ.இ.சி.டி. அமைப்பு 2015-இல் அறிவித்தது. செல்வம் கொழிக்கும் சுவீடன், 2023-இல், அச்சிட்ட பாடநூல்களை வாங்கப் பள்ளிகளுக்கு மீண்டும் நிதி ஒதுக்கியது. அவ்வாண்டு யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, தொழில்நுட்பம் யாருடைய விருப்பப்படி வகுப்பறைக்குள் வருகிறது என்ற கேள்வியையே தன் தலைப்பாக வைத்தது. பட்டம் பெற்ற இளைஞர் ஒருவரைத் திங்களுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு அமர்த்திவிட்டு, அவர் தலைக்குப் பின்னால் ஒரு லட்ச ரூபாய்ப் பலகையை மாட்டும் நிருவாகம், தான் எதனை மதிக்கிறது என்பதை ஊருக்கே அறிவிக்கிறது.

தொலைவிலிருந்து கற்பது நமக்குப் புதிதன்று என்பதையும் இடையே நினைவூட்டலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியால், பாடப் பொட்டலங்கள் சிதம்பரத்திலிருந்து நாடெங்கும் போயின. குமாஸ்தாக்களும் இல்லத்தரசிகளும் பட்டதாரிகள் ஆயினர். ஆனால் பொட்டலத்தை மட்டும் நம்பியவர் பலர் பாதி வழியில் நின்றனர்; நேர்முக வகுப்புக்கு வந்து, ஆசிரியரைக் கண்டு, ஐயம் கேட்டவரே கரையேறினர்.

பெற்றோர் இவற்றைக் கேட்கிறார்களே, இல்லாவிடில் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்களே என்று தாளாளர்கள் வருந்துவது பொய்யன்று. சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும், பள்ளியே மூடப்படலாம். இவ்வச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. ஆனால் கத்தோலிக்கப் பள்ளி எதற்காக இருக்கிறது என்னும் வினாவுக்கு, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் விடை தந்துவிட்டது. இவ்வுலகச் செல்வம் அற்றோர், குடும்பத்தின் ஆதரவும் அன்பும் இழந்தோர், நம் விசுவாசத்தைச் சாராதோர் ஆகியோர்மீது நம் பள்ளிகள் தனி அக்கறை காட்டவேண்டும் என்பது அதன் கருத்து. அண்டை ஊரின் செல்வர் பிள்ளையை இழுக்கப் பலகை மாட்டுங்கள் என்று அதில் இல்லை. சிதம்பரத்திலேயே 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது, ஒடுக்கப்பட்ட பிள்ளை கற்பதற்குத் தடையாக நிற்பது எது என்று முதலில் பார்த்தார். தங்க இடமில்லை, உண்ணச் சோறில்லை என்று கண்டார், அவற்றைக் கொடுத்தார். கற்றல் கருவி என்பது இதுதான்: பிள்ளைக்கும் பாடத்துக்கும் இடையில் நிற்கும் தடையை நீக்குவது. அவர் சைவத் துறவி. நம் துறவற சபைகளின் தொடக்க கால அருள்சகோதரிகளும் அவ்வாறே செய்தவர்கள்.

எனவே பொதுநிலையினராகிய நாம் வாய் திறக்கவேண்டும். பங்குப் பேரவையிலும் பெற்றோர்-ஆசிரியர் கழகத்திலும் நம்மவர் இருக்கிறார்கள்; நிதி அறிக்கை கேட்பது குற்றமன்று. ஸ்மார்ட் வகுப்பு என்று வசூலித்த தொகை எவ்வளவு, நிறுவனத்துக்குப் போனது எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, நிறுவனம் நொடித்தால் பலகையில் என்ன மிஞ்சும் என்பவற்றை எழுத்தில் கேட்கலாம். வாட்ஸப் வழி வீட்டுப்பாடம் அனுப்புவதை நிறுத்தி, வகுப்பு முடியுமுன் கரும்பலகையில் எழுதிப்போடச் சொல்லலாம். கணினி அறையின் சாவியை மாலை நான்கரை முதல் ஆறரை வரை ஓராசிரியரிடமோ நம்பத்தக்க இளைஞரிடமோ கொடுத்து, வீட்டில் கருவியில்லாப் பிள்ளைகளுக்கு, எந்தப் பள்ளிப் பிள்ளையாயினும், எம்மதத்தவராயினும், திறந்துவிடலாம். கணினியில்லாத பங்குகளில் ஒரு மன்றமும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் பெரும்பாலும் உண்டு. ஞாயிறு திருப்பலிக்குப் பின் பூட்டப்படும் மன்றம் வாரத்தின் ஆறு மாலைகளில் சும்மா கிடக்கிறது. இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றிய பெண்கள் நம் அன்பியங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சிறு ஊக்கத்தொகை அளிக்க, ஒரு பலகையின் விலையில் பாதி போதும்.

ஜூன் மாதக் கட்டணச் சீட்டு ஏப்ரலிலேயே அச்சாகிவிடும். ஒப்பந்தங்களில் அதற்கும் முன்பே கையொப்பம் விழுந்துவிடும். கேட்க நினைப்பவர்கள் தவக்காலம் முடியுமுன் கேட்டாக வேண்டும்.